மலைப்பாதையும் சங்கிலியின் மூட்டும்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் பயிரிடும் வாசகர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கிளாவரை வரையில் தார்ச்சாலையிலும், அங்கிருந்து தம் தோட்டம் வரையில் கல்லும் சேறுமான பாதையிலும் அன்றாடம் போய்வர வேண்டிய தமக்கு, சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் ஒருங்கே ஏற்றவை என்று சொல்லி விற்கப்படும் உயரமான மோட்டார் சைக்கிள்களில் ஒன்றை வாங்குவது உசிதமா, அல்லது இப்போது வைத்திருக்கும் 100 சிசி வண்டியே போதுமா என்பது அவர் கேள்வி. வண்டியின் விலையை எல்லாரும் சொல்கிறார்கள் என்றும், வாங்கிய பிறகு அது தம்மை நடுவழியில் கைவிடாமல் இருக்க வருஷத்துக்கு என்ன செலவாகும் என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை என்றும் அவர் குறைப்பட்டிருக்கிறார். குறை நியாயமானது, பதில் சொல்ல முயல்வோம்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கு நோக்கி வளைந்து வளைந்து, 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் செல்லும் சாலையின் கடைசி ஊர் கிளாவரை. பேருந்து அங்கே திரும்பிவிடும். அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் கேரளத்தின் வட்டவடை. பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னகைட் என்னும் தொன்மையான பாறையால் ஆனது. அந்தப் பாறை பல லட்சம் ஆண்டுகள் மழையில் மக்கி மண்ணாகும்போது அதன் மற்றக் கனிமங்கள் களிமண்ணாகிவிட, கரையாத குவார்ட்ஸ் மட்டும் நுண்ணிய பொடியாகவும் பரலாகவும் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகவும், மாசி, பங்குனி வெயிலில் புழுதியாகவும் வண்டிச் சக்கரத்தோடு எழுந்துவருவது இந்த மண்தான். வாசகரின் கேள்விக்கு உரிய விடையில் பெரும்பகுதி விற்பனைக் கூடத்தில் இல்லை, இந்த மண்ணில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

சரித்திரத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்வோம். கரட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளின் உறுதியைச் சோதிக்கும் சர்வதேச ஆறு நாள் பந்தயம் 1913-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கார்லைல் நகரத்தில் தொடங்கிவிட்டது. சாதாரண மக்கள் வாங்கிச் சாலையிலும் காட்டிலும் ஓட்டக்கூடிய இலகுவான வண்டியாக 1968-இல் யமஹாவின் டிடி-1 வந்தது. நெடுந்தூரப் பிரயாணத்துக்கான பெரிய இனத்தை 1980-இல் பிஎம்டபிள்யூவின் ஆர்80 ஜி/எஸ் தொடங்கிவைத்தது. நம் நாட்டிலோ, எல்லைக் காவலுக்காக ராணுவம் தருவித்த புல்லட் வண்டிகளை 1955 முதல் சென்னையிலேயே பொருத்தத் தொடங்கியபோது, அதே வண்டிதான் மலைக்கும் சமவெளிக்கும் பொதுவாக உழைத்தது; இருவகைப் பாதைக்கென்றே செய்யப்பட்டவை ஹீரோவின் இம்பல்ஸாக 2011-இலும், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயனாக 2016-இலும், ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 ஆக 2019-இலும் வெளிவந்தன. இவற்றில் அந்த பிஎம்டபிள்யூவைத் தவிர மற்ற அனைத்திலும் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் உருளைச் சங்கிலிக்கு, மாஞ்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் கொடுத்த உருவமே சாராம்சத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. அந்தச் சங்கிலியை இப்போது நம் கோயம்புத்தூரும் அம்பத்தூரும் பெருமளவில் செய்கின்றன.

இந்த வண்டிகளைப் பற்றிய விளம்பரங்கள் முதலில் காட்டுவது அவற்றின் உயரத்தை. எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் முன்புற ஷாக் அப்சார்பர் 190 மில்லிமீட்டரும் பின்புறம் 170 மில்லிமீட்டரும் அமுங்கி எழும். முதல் ஹிமாலயனில் அது 200, 180. இரண்டிலும் அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். முன்சக்கரம் 21 அங்குலம். இவை உண்மையான அனுகூலங்கள். வழியிலே கிடக்கும் கல்லைச் சிறிய சக்கரம் முட்டி நிற்கும் இடத்தில் பெரிய சக்கரம் ஏறிக் கடக்கும். நீண்ட ஷாக் அப்சார்பர் அந்த அடியைச் சட்டத்துக்கும் முதுகெலும்புக்கும் போகவிடாமல் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் பாதையின் அடியைத் தாங்குவது வேறு, பாதையின் தேய்மானத்தைத் தாங்குவது வேறு. முன்னதற்கு வடிவமைப்பு பதில் சொல்லும். பின்னதற்குப் பராமரிப்பைத் தவிர வேறு பதில் கிடையாது. விளம்பரம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, உயரமான வண்டி ஆகவே உழைக்கும் வண்டி என்று நம்மை நம்பவைக்கிறது.

கிலோமீட்டர்க் கணக்கில் சொல்லப்படும் வாக்குறுதிகளையும் அவ்வாறே நிதானித்துப் பார்க்க வேண்டும். முதல் ஹிமாலயன் வந்தபோது, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றினால் போதும் என்று பெருமையாக அறிவிக்கப்பட்டது. அதைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையில் கிலோமீட்டர் என்பது உழைப்பை அளக்கும் சரியான கோல் அன்று. முதல் கியரில் ஏறும் வண்டியின் எஞ்சின், மேல் கியரில் சமவெளியில் ஓடும்போது சுற்றுவதைப்போல ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சுற்றுகிறது. தோட்டப் பாதையின் ஒரு கிலோமீட்டரும் திண்டுக்கல் நெடுஞ்சாலையின் ஒரு கிலோமீட்டரும் மீட்டரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உலோகத்துக்கு ஒன்றல்ல. புழுதியில் ஓடும் வண்டிக்கு எல்லாக் கெடுக்களையும் குறைத்துக்கொள்ளும்படி வண்டியோடு வரும் கையேடுகளே கூறுகின்றன. அந்த வரி மட்டும் விளம்பரத்துக்கு வருவதில்லை.

மலையில் தேயும் மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும், கிழிந்தால் மண் உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும், ஃபோர்க் ஆயில் சீல் சேற்றால் கிழிந்து ஒழுகும், கோன் செட் குழிந்து கைப்பிடி ஒரே இடத்தில் மாட்டும், சக்கரத்து பேரிங்கில் தண்ணீர் புகும், ஆரக்கம்பி தளரும், பிரேக் பேட் இறக்கத்தில் சீக்கிரம் கரையும். இவை ஒவ்வொன்றும் ஒரு மெக்கானிக்கின் அரைநாள் வேலை. ஆனால் செலவிலும் நம்பகத்திலும் ஒருங்கே கை வைப்பதும், அலட்சியப்படுத்தினால் பெரும் நஷ்டத்தில் கொண்டுபோய் விடுவதும், கவனித்தால் மிகக் குறைந்த செலவில் அடங்கிப்போவதும் சங்கிலி ஒன்றுதான். அதன் மூட்டுக்குள் நடப்பது யந்திர சாஸ்திரத்திலேயே மிக அழகான நிகழ்ச்சிகளில் ஒன்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 13 பல், பின் பல்சக்கரத்தில் 40 பல், சங்கிலியில் 110 கண்ணிகள், ஒவ்வொரு கண்ணியும் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர் நீளம். பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு ஒரு மூட்டால் இணைந்திருக்கிறது. மூட்டு என்பது புஷ் எனப்படும் சிறு குழலுக்குள் திரும்பும் ஒரு பின், அவ்வளவே. சங்கிலி நேராக ஓடும்போது அந்த பின் அசைவதில்லை. பல்சக்கரத்தின்மேல் ஏறும்போது ஒருமுறை மடிகிறது, இறங்கும்போது ஒருமுறை நிமிர்கிறது. முன்னும் பின்னும் இரண்டு பல்சக்கரங்கள் ஆகையால், சங்கிலி ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஒவ்வொரு மூட்டும் நான்கு தரம் திரும்பியாக வேண்டும். மேலே சொன்ன வண்டியில் சங்கிலி ஒரு சுற்று வந்தால் வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். ஆகவே கொடைக்கானலிலிருந்து 40 கிலோமீட்டர் போவதற்குள் சங்கிலி 7,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது, ஒவ்வொரு மூட்டும் ஏறத்தாழ 29,000 தரம் திரும்புகிறது.

திரும்பும் அளவோ மிகச் சிறியது. 13 பல்லின்மேல் மடியும்போது 28 பாகைக்குச் சற்றுக் குறைவு; 40 பல்லின்மேல் 9 பாகை. பின்னின் விட்டம் 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், சங்கிலியின் ஒரு முழுச் சுற்றில் பின் தன் குழலுக்குள் வழுக்கும் தூரம் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் அந்த 3 மில்லிமீட்டரைச் சேர்த்துக்கொண்டே போனால், வண்டி 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒவ்வொரு பின்னும் தன் குழலுக்குள்ளேயே 11 கிலோமீட்டருக்கு மேல் உரசிப் பிரயாணம் செய்திருக்கும். இத்தனை தூரம் எஃகோடு எஃகு உரசியும், மொத்தச் சங்கிலி நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டாலே அதைத் தள்ளிவிடுகிறோம். கவனமுள்ளவர்கள் ஒரு பங்கிலேயே விழித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு பங்கு நீட்சியை 110 மூட்டுகளுக்கும் பகிர்ந்தால், மூட்டு ஒன்றுக்கு 0.16 மில்லிமீட்டர். எஃகு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் சேர்ந்து இந்த அற்ப அளவு கரைந்து, அந்த இடைவெளிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி, கண்ணுக்குத் தெரியும் 17 மில்லிமீட்டர் நீட்சியாகிறது.

இங்கே மலை தன் பங்கைச் செலுத்துகிறது. சமவெளியில் எஞ்சின் எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால் சங்கிலியின் மேற்பகுதி மட்டும் விறைத்திருக்கும், கீழ்ப்பகுதி தொய்ந்திருக்கும். ஆகையால் நான்கு திருப்பங்களில் இரண்டே பாரத்தின் கீழ் நடக்கின்றன, மற்ற இரண்டும் சும்மா திரும்புகின்றன. கிளாவரைச் சாலையில் ஏற்றம் முடிந்தவுடன் இறக்கம் வருகிறது. அனுபவசாலிகள் பிரேக்கைச் சூடேற்றாமல் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைத் தடுத்து இறக்குகிறார்கள். அப்போது பின்சக்கரம் எஞ்சினை இழுக்கிறது. மேற்பகுதி தொய்ந்து கீழ்ப்பகுதி விறைக்கிறது. இதுவரை ஓய்வெடுத்த இரண்டு திருப்பங்களும் பாரத்தின் கீழ் வந்துவிடுகின்றன. பிரேக்குக்கு நாம் தந்த ஓய்வைச் சங்கிலி தன் தேய்மானத்தால் ஈடுசெய்கிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஏனெனில் பிரேக், சங்கிலி இரண்டையும்விட உயிர் பெரிது. ஆனால் மலைவண்டியின் சங்கிலி ஏன் சமவெளி வண்டியினதைவிட விரைவில் முடிகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணமே பிரதானமானது. அதற்கு ஆட்டுரலை நினைத்துக்கொள்ள வேண்டும். புஷ் உரலின் குழி, பின் அதற்குள் புரளும் குழவி. சங்கிலி என்பது 110 ஆட்டுரல்களை வரிசையாகக் கட்டி இழுத்துச் செல்லும் ஒரு தொடர். பெரிய பரல் குழவிக்கும் குழிக்கும் இடையே புகாது, வெளியே தள்ளப்பட்டுவிடும். மிக நுண்ணிய தூளோ எண்ணெய்ப் படலத்தில் மிதந்துபோய்விடும். இடைவெளியின் அளவுக்கே ஒத்த மணல்தான் உள்ளே சிக்கி அரைபடும். வெறும் உலர்ந்த பருப்பைப் போட்டுச் சுற்றினால் அது தெறித்து விலகுமேயன்றி அரையாது. கைநிறையத் தண்ணீர் ஊற்றினாலும் குழவிக்குப் பிடிமானமின்றி வழிந்தோடும். அளவாகத் தெளித்தால்தான் விழுதாகும். அவ்வாறே, பங்குனிப் புழுதி சங்கிலியைத் தேய்ப்பதைவிட, அடைமழையின் வெள்ளம் தேய்ப்பதைவிட, மழைவிட்ட மறுநாள் குழம்பாக ஒட்டிக்கொள்ளும் சேறும், விடியற்காலைப் பனியில் நனைந்த புழுதியுமே அதை அதிகமாகத் தேய்க்கின்றன.

உவமையை இன்னும் சற்றுத் தொடர அனுமதி வேண்டும். புதிதாகக் கொத்திய உரலில் முதல் சில நாள் அரைக்கும் மாவில் கல்துகள் கலந்திருக்கும். புதுச் சங்கிலியும் முதல் சில நூறு கிலோமீட்டரில் மேற்பரப்பின் மேடுகளை உதிர்த்துச் சற்று வேகமாகத் தொய்ந்து, பிறகு நிதானப்படும். அரைத்து முடித்த உரலைக் கழுவாமல் விட்டால் காய்ந்த மாவு அடுத்த நாளைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சேற்றோடு நிறுத்திவைத்த வண்டியின் சங்கிலியும் அப்படியே. அரைபட்ட மாவு உரலின் விளிம்பில் வழிந்து நிற்பதைப்போல, உயவு தீர்ந்த மூட்டின் ஓரத்தில் அரைபட்ட இரும்பு செந்நிறத் தூளாக வெளியே வந்து நிற்கும். சங்கிலியைச் சுத்தமாகத் துடைத்த பின்னும் ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப அந்தச் செந்தூள் தோன்றினால், அது சாலை மண் அன்று, உள்ளிருந்து வரும் இரும்பு என்று அறிந்துகொள்ள வேண்டும்.

உவமை முறியும் இடமும் ஒன்று உண்டு. அந்த இடத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது. உரலில் அரைபடுவது மென்மையானது, அரைக்கும் கல் கடினமானது. ஆகையால் உளுந்து மாவாகிறது, உரல் பல தலைமுறைக்கு நிற்கிறது. சங்கிலியிலோ உள்ளே புகுந்தது குவார்ட்ஸ். விக்கர்ஸ் அளவையில் அதன் கடினம் 1,000-ஐத் தாண்டும். வெப்பமூட்டிக் கடினப்படுத்திய எஃகோ பொதுவாக 700, 800 என்ற அளவில் நிற்கும். இங்கே உளுந்து உரலைவிடக் கடினமாகிவிட்டது. எனவே உளுந்து நிற்கிறது, உரல் மாவாகிறது. தேய்மானத்தின் அளவு பாரத்துக்கும் வழுக்கும் தூரத்துக்கும் நேர்விகிதமாகவும், தேயும் பொருளின் கடினத்துக்குத் தலைகீழ் விகிதமாகவும் இருக்கும் என்று ஆர்ச்சர்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி 1953-இல் ஒரு விதியை வகுத்தார். பாரமும் தூரமும் கடினமும் மாறாதபோதும், இடையில் இருப்பது எண்ணெயா மணலா என்பதைப் பொறுத்து அந்த விதியின் மாறிலி எத்தனையோ மடங்கு மாறிவிடுகிறது. பாரத்தைக் குறைக்க விவசாயியால் முடியாது, தூரத்தையும் அப்படியே; எஃகின் கடினம் தொழிற்சாலையில் தீர்மானமாகிவிட்டது. வண்டிக்காரர் கையில் மிஞ்சியிருப்பது அந்த மாறிலி ஒன்றுதான்.

அதைக் காப்பதற்காகவே, ஒவ்வொரு மூட்டிலும் உள்தட்டுக்கும் வெளித்தட்டுக்கும் இடையே சிறு ரப்பர் வளையத்தை வைத்து, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கிரீஸைச் சிறைப்படுத்தும் ஓ-ரிங் சங்கிலிகள் வந்தன. இருவகைப் பாதை வண்டிகளில் பெரும்பாலும் இவையே இருக்கின்றன. வளையம் நன்றாக உள்ளவரையில் மணல் உள்ளே புகாது, கிரீஸ் வெளியே வராது. மேலே நாம் தடவும் ஆயில் உருளைக்கும் பல்லுக்கும் துரு பிடிக்காமைக்கும்தான், மூட்டின் உள்ளுக்கு அன்று. ஆகவே இந்தச் சங்கிலியைப் பராமரிப்பது என்றால் அந்த ரப்பரைப் பராமரிப்பது என்றே பொருள். அதைப் பெட்ரோலில் கழுவுவதும், கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை அருகில் வைத்துப் பீய்ச்சுவதும் வளையத்தைக் கெடுத்து, மணலுக்குக் கதவைத் திறந்துவிடும் காரியங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, 90-ஆம் எண் கியர் ஆயிலை மெல்லியதாகப் பூசி, மிகுதியை வழித்துவிடுவது போதும். வழித்துவிடாத ஆயில் புழுதியைத் தானே அழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

தேய்ந்த சங்கிலி பல்சக்கரத்தைக் கெடுக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உள்கண்ணியில் இரு புஷ்களும் ஒரே தட்டில் இறுகியிருப்பதால் அவற்றின் இடைத்தூரம் மாறுவதே இல்லை. நீட்சி முழுவதும் வெளிக்கண்ணியின் பங்குக்கே வந்து சேர்கிறது. சராசரியாக ஒரு பங்கு நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி சரியான அளவிலும், அடுத்தது இரண்டு பங்கு நீண்டும் மாறிமாறி வருகின்றன; பல்லுக்குப் பல் பாரம் ஏற்றத்தாழ்வாக விழுந்து, உருளை பல்லின் அடியில் அமராமல் நுனியை நோக்கி ஏறி, பல் கொக்கியாக வளைகிறது. முன் பல்சக்கரத்தின் பற்கள் பல வண்டிகளில் 13, 15 என்று ஒற்றைப்படையில் இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது: சங்கிலிக் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படையாகையால், ஒரு பல் இந்தச் சுற்றில் உள்கண்ணியைச் சந்தித்தால் அடுத்த சுற்றில் வெளிக்கண்ணியைச் சந்திக்கும், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். கொக்கியான பல்லின்மேல் புதுச் சங்கிலியை மட்டும் போடுவது வீண். சங்கிலியையும் பல்சக்கரங்களையும் சேர்த்துச் செயின் செட்டாகவே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குகள் வற்புறுத்துவது வியாபாரத்துக்காக அன்று.

ஏற்றத்தில் வலிமை வேண்டி முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் மலைப் பகுதிகளில் உண்டு. 13 பல்லை 12 ஆக்கினால் ஒவ்வொரு மடிப்பும் 28 பாகைக்குப் பதில் 30 பாகையாகும், ஒற்றைப்படையின் நன்மையும் போய்விடும். அதே வலிமையைப் பின் பல்சக்கரத்தில் மூன்று, நான்கு பல் கூட்டியும் பெறலாம். அப்போது சங்கிலி சற்று அதிகம் சுற்றினாலும், நெம்புகோலின் கை நீண்டுவிடுவதால் அதன்மேல் விழும் இழுவிசை அதற்கு ஈடாகக் குறைந்துவிடும். முன்னதற்கு விலை குறைவு. பின்னதற்கு ஆயுள் கூடுதல்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தீங்கைச் சொல்ல வேண்டும். உயரமான வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது அதன் சங்கிலி சாதாரண வண்டியினதைவிட அதிகமாகத் தொங்கும். அதைப் பார்த்தவுடன் டைட் வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் முன் பல்சக்கரத்தின் மையமும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கீல் மையமும் ஒன்றல்ல. ஆகவே பின்சக்கரம் மேலேறும்போது இரு பல்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் கூடிக்கொண்டே போய், முன்மையம், கீல், பின்மையம் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு குறைகிறது. 170 மில்லிமீட்டர் எழுந்து தாழும் சக்கரத்தில் இந்த வேறுபாடு கணிசமானது. காலியாக நிற்கும்போது இறுக்கிய சங்கிலி, இரண்டு மூட்டை பூண்டோடு ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வில்நாணாக விறைத்து, அந்த விசையை கியர்பெட்டியின் வெளித்தண்டு பேரிங்கின்மேல் இறக்கிவிடும். சங்கிலி மாற்றச் சில ஆயிரம் ரூபாய். அந்த பேரிங்கை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். கையேட்டில் உள்ள தொய்வு அளவை அப்படியே பின்பற்றுவதும், சந்தேகம் வந்தால் ஒருவரை ஏறி உட்காரவைத்து, மூன்று மையங்களும் நேர்வரும் நிலையிலும் சற்றே தொய்வு மிஞ்சுகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வாசகரின் 100 சிசி வண்டிக்கு உரிய மரியாதையைச் செய்தாக வேண்டும். அதன் சங்கிலி பெரும்பாலும் ஓ-ரிங் இல்லாத சாதாரணச் சங்கிலி, விலையும் குறைவு. ஆனால் அத்தகைய வண்டிகள் பலவற்றில் சங்கிலியை முழுவதும் மூடிய ஒரு தகரக் கவர் இருக்கிறது. அழகில்லாத, விளம்பரத்தில் இடம்பெறாத அந்தத் தகரம் மணலுக்கும் மூட்டுக்கும் இடையே ஒரு சுவராக நிற்கிறது. அதனாலேயே சாதாரணச் சங்கிலியும் புழுதியில் தாக்குப்பிடிக்கிறது. மலைக்கென்று செய்த வண்டியிலோ, நெடிய ஷாக் அப்சார்பருக்கு இடம் விடவும், சேறு உள்ளே அடைந்து இறுகாமல் உதிர்ந்துபோகவும், எடை குறையவும் சங்கிலியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். காரணங்கள் பொய்யல்ல, ஆனால் விளைவு என்னவென்றால், சமவெளி வண்டி மூடிக்கொண்டு போகும் உறுப்பை, மலை வண்டி மணலுக்கு நேரே நீட்டிக்கொண்டு போகிறது.

செலவின் உருவம் இப்போது தெளிவாகும். கணக்குக்காக ஒரு செயின் செட் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 20,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 20 பைசா. கவனிப்பாரின்றி 8,000 கிலோமீட்டரில் முடிந்தால் 50 பைசா. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 35 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு எரிபொருள் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 பைசா ஆகிறது. ஆகவே சங்கிலியின் செலவு எரிபொருளில் ஏழு சதவீதமாகவும் இருக்கலாம், பதினேழு சதவீதமாகவும் இருக்கலாம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு 3,000 ரூபாய். அதைத் தீர்மானிப்பது வண்டியின் பெயர் அன்று, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் சேற்றில் ஓடிய ஒவ்வொரு நாளின் மாலையிலும் செலவிடும் கால்மணி நேரம்.

நம்பகம் என்பது இன்னும் கடினமான விஷயம், ஏனெனில் அதை ரூபாயில் அளக்க முடியாது. அறுந்த சங்கிலி முன் பல்சக்கரத்தருகே சுருண்டு எஞ்சின் உறையையே உடைத்துவிடக்கூடும். அவ்வாறு நேராவிட்டாலும், கிளாவரையில் நின்றுபோன வண்டிக்கு வேண்டிய உறுப்பு கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ கிடைக்குமா, அல்லது மதுரையிலிருந்து தருவிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே அது ஒரு நாள் நிற்கிறதா, ஒரு வாரம் நிற்கிறதா என்பது முடிவாகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்கும் சாதாரண 100 சிசி வண்டிக்கும் உறுப்பு கிடைக்காத சந்தை ஊர் தமிழ்நாட்டில் அரிது. அவற்றைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக்கும் அரியவர். பொறியியல் நூல்கள் நம்பகத்தைப் பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலத்தால் மட்டுமன்றி, பழுதைச் சரிசெய்யப் பிடிக்கும் காலத்தாலும் அளக்கின்றன. இரண்டாவது அளவில் எளிய வண்டி எப்போதும் முந்திநிற்கும்.

ஆகவே வாசகருக்கு என் ஆலோசனை இது. நாள்தோறும் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையாகவும், மண்பாதை ஒன்றிரண்டு கிலோமீட்டராகவும் இருந்தால், செயின் கவர் உள்ள எளிய வண்டியைப் பின் பல்சக்கரத்தில் சில பல் கூட்டி வைத்துக்கொள்வது சிக்கனமும் விவேகமும் ஆகும். தோட்டம் கல்படுகைக்கும் செங்குத்தான சேற்று ஏற்றத்துக்கும் அப்பால் இருந்து, இப்போதைய வண்டி அடிக்கடி அடிதட்டி நின்றால், உயரமான வண்டி தன் விலைக்குரிய உழைப்பைத் தரும். ஆனால் அதோடு மண்ணெண்ணெய்த் துணியையும் வாங்கியதாகவே கணக்கிட வேண்டும். அத்தகைய வண்டியில் சரணாலயக் காட்டுக்குள் புகுந்து பார்க்கும் உல்லாசத்தை நான் இங்கே கருதவில்லை. அது சட்டத்துக்கும் காட்டுக்கும் விரோதமானது.

வண்டி செய்பவர்களிடத்தில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. எரிபொருள் சிக்கனத்தையும் புகையையும் வரையறுத்த முறையில் சோதித்த பிறகே ஒரு வண்டி இந்நாட்டில் விற்பனைக்கு வருகிறது. புழுதியில், பாரத்தோடு, ஏற்ற இறக்கத்தில் ஓடும்போது சங்கிலியும் ஃபில்டரும் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதையும் அவ்வாறே ஒரு பொதுவான முறையில் சோதித்து, விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுவது ஆகாத காரியம் அன்று. நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே அரசாங்கத்தின் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. மலைவண்டிகளுக்கு ஏற்ற ஒரு செயின் கவரை விரும்புகிறவர்கள் பொருத்திக்கொள்ளும் உபகரணமாகவேனும் தர, உலகத்துக்குச் சங்கிலி செய்து அனுப்பும் இந்த மாநிலத்தின் பொறியாளர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நம்பவில்லை. வண்டியின் பெரும்பகுதி விலையைக் கடன் வாங்கிக் கட்டும் ஒரு விவசாயி, அது எவ்வளவு உயரம் குதிக்கும் என்பதைக் காட்டிலும், எவ்வளவு காலம் தேயாமல் இருக்கும் என்பதை அறிந்துகொள்ளவே அதிக உரிமை உடையவர்.